பேக்கரிக்காரன் மகனும் எங்கள் அத்தானும்

கிங்ஸ்பரி, லண்டன்
9 மார்ச் 2024

அன்பு அக்கா,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதேங்கோ. பகலில் எனக்குச் சொந்தமாக ஒரு கை கூட இல்லை. இப்போதும் தாரிணி இடது தோளில்தான் கிடக்கிறாள், எழுத்து கோணினால் அதற்கு அவள்தான் பொறுப்பு. உங்களுக்கு முழங்கால் வலி எப்படி? பள்ளிக்கூட கன்டீனில் இன்னமும் பெரிய சட்டிகளை நீங்களேதான் தூக்குகிறீர்களா?

நாங்கள் மூவரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வந்தால், ஏன் இவ்வளவு வேகம் என்று யோசிக்கிறேன். வீட்டுக்கு வருகிற நர்ஸ், ஹெல்த் விசிட்டர், பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, "பேபி இஸ் பெர்ஃபெக்ட், ஹவ் இஸ் மம்மி?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிரண் பாவம், கனரி வாஃபில் இருந்து வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னமே பிள்ளையை வாங்கிக்கொள்கிறார்.

படம் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். அத்தான் பார்ப்பாரா? பாரிஸுக்கு வந்து உங்களோடு இருந்தபோது நான் திருச்சிக்காரர் ஒருவரைக் கட்டப்போகிறேன் என்றதற்கு, "இந்த வீட்டில இனி அவளின்ரை குரல் கேக்கப்படாது" என்று அவர் சொல்லி மூன்று வருடம் ஆகப்போகிறது. உங்களுக்குப் போன் எடுக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். ஆனால் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் முதலில் தேடியது உங்கள் நம்பரைத்தான்.

தக்ஷிகாவுக்குச் சித்தியின் முத்தம். உங்கள் எழுத்தைக் காணக் காத்திருக்கிறேன்.

ரூபி


லா கூர்நெவ், பாரிஸ்
24 மார்ச் 2024

என் செல்ல ரூபிக்கு,

உன் கடிதமும் குட்டியின் படமும் பத்திரமாக வந்தன. முழங்கால் அப்படியே இருக்கிறது, அதை விடு. பால் குடித்த பிறகு பிள்ளைக்கு ஏவறை வரும்வரை தோளில் வைத்திரு, அவசரப்பட்டுக் கிடத்தாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. தாய் காய்ந்தால் பிள்ளையும் காயும்.

தபால்பெட்டியில் இருந்து கடிதத்தை எடுத்து வந்தது அவர்தான். மேசையில் வைத்துவிட்டு, "உமக்குக் கடிதம்" என்றார். யாரிடமிருந்து என்று சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. குரல் கேட்கக்கூடாது என்றுதானே சொன்னவர். எழுத்து வரக்கூடாது என்று சொல்லவில்லை, நானும் கேட்டு விளக்கம் எடுக்கப் போவதில்லை. படத்தைப் பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது அடுப்பு ஆவி படாத பக்கத்தில் இருக்கிறது. நான் மாற்றவில்லை.

இனி என் தலையிடியைக் கேள். தக்ஷிகா படிக்கிற லிசேக்குப் படம் எடுக்கிற ஆட்கள் வந்து, நூறு பிள்ளைகளைப் பேச வைத்துப் பார்த்து, கடைசியில் இவளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் படம், சிரிப்புப் படம். எங்கள் கடைத்தெரு லாச்சப்பலில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெட்டைக்குப் பாண் சுடுகிற பேக்கரிக்காரன் மகனில் முதல் காதல் வருகிறது. இரண்டு வீட்டிலும் நடக்கிற கூத்துத்தான் கதை. படம் எடுப்பதும் அங்கேதானாம். பெரிய பாத்திரம், ரூபி. அவள்தான் கதாநாயகி!

நான் சம்மதித்துவிட்டேன். அவரிடம் நாடக வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லைத்தானே? கையைப் பிடிக்கிற காட்சி இருக்கிறதாம். முத்தம் கன்னத்தில் மட்டும் என்று அந்த இயக்குநர் மதாமிடம் நானே நேரில் போய்ப் பேசி வாங்கினேன். நீ படித்தவள், ஒரு வழி சொல்லு.

கிரணுக்கு என் அன்பு. உடம்பைப் பார்.

அக்கா


கிங்ஸ்பரி
2 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

அங்கு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று வழக்கத்தை விடக் கூடுதலாக வேண்டிக்கொண்டேன். காரணம் உங்களுக்கே தெரியும். தாரிணிக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவள் அழுது முடித்த பிறகும் நான் முடிக்கவில்லை.

அக்கா, வேண்டாம். அத்தானுக்குத் தெரியாமல் வேண்டாம். ஐயோ, லாச்சப்பலிலேயே படம் எடுக்கிறார்களாமே! அங்கே ஒரு கத்தரிக்காய் வாங்கினாலே நான்கு வீட்டுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஒரு வெள்ளைப் பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பதை யாராவது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? எனக்குச் செய்ததை அவர் அவளுக்கும் செய்தால்? எனக்கு இருபத்தாறு வயது, கையில் படிப்பு இருந்தது, கிரண் இருந்தார். அவளுக்குப் பதினாறு. தகப்பன் ஒரு நேரம் முகம் பாராமல் விட்டாலே அவள் தாங்க மாட்டாள்.

நான் இப்படிப் புலம்பியதைக் கேட்டுக் கிரண் சிரிக்கிறார். "நீ நிஜத்துலயே பண்ணிக்கிட்ட. அந்தப் பொண்ணு நடிக்கக்கூடக் கூடாதா?" என்கிறார். அவரிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் அக்கா, நான் பயப்படுவது காதலுக்கு அல்ல. பிறகு வருகிற மௌனம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

வேறு யாரும் சொல்ல முன்னம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்.

ரூபி


கிங்ஸ்பரி
10 மே 2024

அக்கா, சுகமா?

ஒரு மாதமாக உங்களிடமிருந்து எழுத்தே இல்லை. சொன்னீர்களா? கோபித்தாரா? தக்ஷிகா வீட்டில்தான் இருக்கிறாளா? போன் எடுக்கக் கை போகிறது, ஆனால் அவர் எடுத்தால் என்ன சொல்வேன்? தாரிணி இப்போது சிரிக்கிறாள். அதைப் பார்த்துச் சந்தோசப்படக்கூட மனம் இங்கே இல்லை. ஒரு வரி போதும்.

ரூபி


லா கூர்நெவ்
26 மே 2024

ரூபிக்குட்டி,

எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், முதலில் அதை எழுதிவிடுகிறேன். தாரிணி சிரிக்கிறாள் என்றதும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். தாமதத்துக்குக் காரணம், எப்படி எழுதுவதென்று தெரியாததுதான்.

நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். மரக்கறிக்கடைச் சபாரத்தினம் அண்ணை முந்திக்கொண்டார். இவர் ரெஸ்டோரன்டில் மத்தியானச் சமையலில் நிற்கும்போது போன் பண்ணி, "கிருஷ்ணராசா, உம்மடை மகள் ஒரு வெள்ளைப் பெடியன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பாண்கடை வாசலில நிக்கிறாள். சனம் கூடி நிண்டு பார்க்குது" என்றாராம். சனம் ஏன் கூடி நிற்கிறது என்று அந்த மனுசன் யோசிக்கவில்லை. கமராவையும் சொல்லவில்லை. இவர் இடுப்பில் ஏப்ரனோடு ஓடியிருக்கிறார்.

காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே நேரே நடுவில் போய் நின்றிருக்கிறார். "நாடக வகுப்பு எண்டு வெளிக்கிட்டு இஞ்சையோ நிக்கிறாய்? கையை விடடா! டேய், உனக்குத்தான் சொல்லுறன், கையை விடு!" அந்தப் பெடியன் லூக்கா நல்ல பிள்ளை. கையை விட்டுவிட்டு, "பொன்ஜூர் மிஸ்யூ" என்றிருக்கிறான். தக்ஷிகா, "அப்பா, இது படம் அப்பா! அங்கை கமரா நிக்குது!" என்று அழுதிருக்கிறாள். இவர் திரும்பிப் பார்த்தால், தெருவுக்கு அந்தப் பக்கம் கமராவும் முப்பது பேரும். அந்த மதாம் மட்டும் வாயில் கையை வைத்தபடி நின்றாளாம். பிறகு கிட்ட வந்து, மரியாதையாக, இன்னொரு தரம் அதையே சொல்ல முடியுமா என்று கேட்டாளாம்.

"என்ன, திருப்பியோ?" என்றாராம் இவர். ஆனால் கோபம் அடங்கவில்லைத்தானே, திருப்பியும் சொல்லியிருக்கிறார். அவள், படத்தில் அப்பாவாக நடியுங்கள் என்று கெஞ்சினாளாம். முடியாது என்று வந்துவிட்டார்.

வீட்டில் என்னோடும் பேச்சில்லை, மகளோடும் பேச்சில்லை. ஒரு கிழமை. நீ சொன்ன அந்த மௌனம்தான். தக்ஷிகா அறைக்குள்ளேயே கிடந்தாள். பிறகு ஒரு நாள், சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்தப் படத்தில இவளுக்குத் தேப்பனாய் நடிக்கிறது ஆர்?"

"மொரீஷியஸ்காரர் ஒருத்தராம்."

"தமிழ் கதைப்பாரோ?"

"இல்லையாம். பாடமாக்கிச் சொல்லுவாராம்."

தண்ணீர் குடித்தார். கை கழுவினார். துவாயைத் தொங்கப் போட்டார். "என்ரை பிள்ளைக்கு இன்னொருத்தன் தேப்பனாய் நிக்கிறதோ? அதுவும் தமிழ் தெரியாதவன்! அந்த மனுசிக்குப் போன் எடும்."

ரூபி, எங்கள் வீட்டில் நடிகர் இப்போது இரண்டு பேர்.

அக்கா


கிங்ஸ்பரி
7 ஜூன் 2024

அன்பு அக்கா,

நீங்கள் சுகம் என்று எழுதிய வரியை முதலில் கிரணுக்கு வாசித்துக் காட்டினேன். மீதியை வாசிக்க முடியாமல் சிரித்தேன், பிறகு ஏனோ அழுதேன். தாரிணிக்குக் காய்ச்சல் வந்து சுகமாகிவிட்டது. ஜீபீ டாக்டரிடம் மூன்று தரம் ஓடினேன். ரிசெப்ஷனில் இருக்கிற பெண்ணுக்கு என் குரல் பாடம்.

"என்ரை பிள்ளைக்கு இன்னொருத்தன் தேப்பனாய் நிக்கிறதோ" என்றாரே அக்கா, அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அப்பா போன பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நான் எழுதியது அத்தானின் பெயரைத்தான். வேறு யாருடைய பெயரையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதை அவருக்கு நான் சொன்னதே இல்லை.

அவர் நடிப்பதைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

ரூபி


லா கூர்நெவ்
30 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளை தவழத் தொடங்கியிருப்பாள். பிளக் துளைகளை மூடு, மேசை மூலைகளைப் பார். இங்கே வெயில் குறைந்துவிட்டது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

படப்பிடிப்பு முடிந்தது. இவர் அந்த மதாமை என்ன பாடு படுத்தினார் தெரியுமா? கதையில் அப்பா கதவைத் திறந்ததும் மகளிடம், "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்க வேண்டும். "ஒரு தமிழ்த் தேப்பனும் அப்பிடிக் கேக்கமாட்டான். முதல்ல சாப்பிட்டியோ எண்டுதான் கேப்பான், பிறகுதான் அடி" என்று இவர் ஒரே பிடியில் நின்றாராம். மதாம் கதையை மாற்றினாள். தேத்தண்ணி ஆற்றுகிற விதம் பிழை என்று ஒரு காட்சியைத் திரும்ப எடுக்க வைத்தார். தமிழில் பேசுகிற இடங்களில், வசனத்தின் கருத்தைச் சொல்லி விட்டுவிடுவார்களாம், இவரும் மகளும் தங்கள் வாயில் வருகிறபடி பேசலாமாம்.

தக்ஷிகாவின் கதை வேறு. அந்த லூக்காவின் மேல் அவளுக்கு நிஜமாகவே ஒரு இது. அவனுக்கு ஊரில் வேறு ஒருத்தி இருக்கிறாளாம், கடைசி நாளில்தான் சொன்னான். வந்து கட்டிலில் விழுந்தவள் எழும்பவில்லை. இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்த இறால் பொரியலைச் செய்து கொண்டுபோய், கதவுக்கு வெளியே நிலத்தில் தட்டோடு இருந்தார். அவள் திறக்கும்வரை இருந்தார். ரூபி, இந்த மனுசனோடு இருபது வருடம் வாழ்ந்திருக்கிறேன். அன்றுதான் முதல் தரம் பார்ப்பது போல் இருந்தது.

படத்தில் அப்பா சமைத்துக்கொண்டு நிற்கிற குசினிக் காட்சி எடுத்த நாள் மட்டும் என்னை வரவேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் நேரே போய்ப் படுத்துவிட்டார். "என்னடி நடந்தது?" என்று மகளைக் கேட்டால், "அப்பாட்டையே கேளுங்கோ அம்மா" என்றாள். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கிரணை நான் கேட்டதாகச் சொல்லு.

அக்கா


லா கூர்நெவ்
19 ஜனவரி 2025

அன்பு ரூபி,

புது வருடம் உங்களுக்கு நோய்நொடி இல்லாமல் போகட்டும். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், பரவாயில்லை.

படம் வந்துவிட்டது. லாச்சப்பல் முழுக்கக் கதை. சபாரத்தினம் அண்ணை தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று கடைக்கு வருகிற சனத்துக்கெல்லாம் சொல்கிறார். நானும் தக்ஷிகாவும் போய்ப் பார்த்தோம். இவர் டிக்கெட் எடுத்துத் தந்து எங்களை உள்ளே விட்டுவிட்டு, வெளியே கதிரையில் இருந்தார். இன்னமும் பார்க்கவில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுதமாட்டேன். அடுத்த மாதம் லண்டனிலும் வருகிறதாம். நீ போய்ப் பார். கிரணோடு போ.

அக்கா


கிங்ஸ்பரி, லண்டன்
16 பெப்ரவரி 2025

மதிப்பும் அன்பும் உள்ள அத்தானுக்கு,

உங்களோடு நான் கதைத்து நான்கு வருடம் ஆகப்போகிறது. சுகமாக இருக்கிறீர்களா? இரவு வேலை முடிந்து வரும்போது கழுத்தை மூடிக்கொண்டு வருகிறீர்களா? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் பெறாமகள் தாரிணி பிடித்துப் பிடித்து நடக்கிறாள்.

வெள்ளிக்கிழமை படம் பார்த்தேன். ஸ்ட்ரெதமில் ஒரு சின்னத் தியேட்டரில், கைக்குழந்தையோடு வருகிற தாய்மாருக்கென்று காலையில் ஒரு காட்சி போடுகிறார்கள். அழுகிற பிள்ளை அழலாம், விளக்கும் முழுதாக அணைக்கமாட்டார்கள். கிரண் லீவு எடுத்து வந்தார். ஜூப்ளி லைன், விக்டோரியா லைன், பிரிக்ஸ்டனில் இருந்து பஸ் என்று போய்ச் சேர்வதற்குள், பிள்ளைக்குப் பசிக்குமா, சளி பிடிக்குமா, சத்தம் காதைத் தாக்குமா என்று நான் கிரணின் உயிரை வாங்கிவிட்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். சுவர் அளவு முகம். உங்கள் வலது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. தக்ஷிகா கண்ணைத் தாழ்த்தினால் முழு மண்டபமும் மூச்சை அடக்கியது. எங்கள் வீட்டுப் பிள்ளை, அத்தான்! தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அத்தனை தாய்மாரும் அவள் சிரித்தால் சிரித்தார்கள், நீங்கள் கத்தினால் பிள்ளையை இறுக்கிப் பிடித்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று பிரமித்துப் போய் இருந்தேன். கோயிலில் திரை விலகும்போது வருகிற ஒரு நடுக்கம் இருக்கிறதே, அது.

குசினிக் காட்சி வந்தது. நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தக்ஷிகா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெடியன் கீழே படியில் நிற்கிறான் என்று சொல்கிறாள். நீங்கள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பேசுகிறீர்கள். கீழே இங்கிலீசில் எழுத்து ஓடியது: "அவனை வரச் சொல், ஆனால் அவன் அப்பனின் காய்ந்த பாணைக் கொண்டுவர வேண்டாம்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது கதையில் எழுதியிருந்த வசனமாக இருக்கும். நீங்கள் சொன்னது அதுவல்ல.

"முந்தி ஒருத்தி இப்பிடித்தான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள், பிள்ளை. அவன் கீழ படியிலதான் நிண்டவன். நான் நிமிர்ந்து பார்க்கேல்லை. அவள் போயிட்டாள். நீ போகாதை. அவனை உள்ளுக்குக் கூப்பிடு. சாப்பிட்டானோ எண்டு கேள்."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அதைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தாய் ஒருத்தி வெட் வைப் ஒன்றை நீட்டினாள், பிள்ளை குடித்த பாலைச் சத்தி எடுத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். கிரண் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "ரூபி, சாப்பிட்டானான்னு கேக்கறாரே... என்னையா?" என்றார்.

நான் என்ன பதில் சொல்ல, அத்தான்? அன்றைக்கு அவர் அந்தப் படியில் நின்றது உங்களுக்குத் தெரியும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நான் இறங்கிப் போகும்போது நீங்கள் எங்களை வெறுப்பதாக நினைத்தேன். அதை நம்பித்தான் இவ்வளவு நாளும் கோபமாக இருந்தேன். அப்படி நம்பினால்தான் தாங்க முடிந்தது.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கும் அதை எங்களுக்குச் சொல்ல ஊரார் பார்க்கிற படம் ஒன்று தேவைப்பட்டது, ஆகவே என்னைக் கோழை என்று சொல்லாதேங்கோ.

ஈஸ்டர் லீவுக்குக் கிரணுக்கு ஒரு கிழமை கிடைக்கும். நாங்கள் மூன்று பேரும் வரலாமா? ஹோட்டலில் அல்ல, உங்கள் வீட்டுக்கு. அக்காவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் உங்கள் கையால் எழுதுங்கோ. ரயில் பதிய வேண்டும், பிள்ளைக்கு உடுப்பு எடுக்க வேண்டும், எனக்கோ நித்திரை வராது.

கெதியாகப் பதில் போடுங்கோ.

சிவரூபினி